அண்ணா, ஸ்டாண்டு!

ஓரிக்கையிலிருந்து காஞ்சிபுரம் வரும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல மத்தியான வெயில். பஸ் வளைவை நெருங்கியதும் ஜன்னலோரம் இருந்த இளையவள் தலையை வெளியே நீட்டி, “அண்ணா, ஸ்டாண்டு! சைடு ஸ்டாண்ட எடுங்க!” என்று கத்தினாள்.

பக்கத்திலிருந்த பெரியவள் எட்டிப் பார்த்தாள். “யாராண்டம்மா சொல்ற? ரோட்ல வண்டியே இல்லியே.”

“இப்ப இல்லக்கா. போன மாசம் பைக்குல ஒருத்தரு இந்த பஸ்ஸத் தாண்டிப் போனாரு. ஸ்டாண்டு கீழ தொங்கிக்கினு இருந்துது. இதே சீட்டுல உக்காந்துக்கினு பாத்தேன். வேற யாராச்சும் சொல்லுவாங்கன்னு கம்முனு இருந்துட்டேன்.”

“அப்புறம்?”

“வளைவுல வண்டி சாஞ்சுது. ஸ்டாண்டு தரையில தட்டி ஆளத் தூக்கி அடிச்சிடுச்சு. அங்கியே உசுரு போயிடுச்சுக்கா.”

பெரியவள் உச்சுக் கொட்டினாள். “செத்தவருக்கு இப்பக் கத்தி என்னாம்மா ஆவப்போவுது?”

“அவருக்குக் கேக்குதுக்கா. தினம் கத்தறேன். நேராப் போய்க்கினே இருப்பாரு. இன்னிக்குத்தான் திரும்பிப் பாத்தாரு.”

“உன்னியா?”

“இல்லக்கா. எனக்குப் பின்னாடி சீட்ட.”

இருவரும் மெதுவாகத் திரும்பினார்கள். நான் குனிந்து பையில் எதையோ தேடுவதுபோல் இருந்தேன். போன மாதமும் இதே இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த ஸ்டாண்டை நானும் பார்த்தேன்.