ராமாத்தாள் சொன்ன மருந்து

பெயர்: கஜலட்சுமி, தகப்பனார் பெயர் விஜயரட்ணம். வயது: 64. தொழில்: அரசாங்க கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். முகவரி: எண் 27, கடைவரிசைக்குப் பின்புறக் குடியிருப்பு, நியாலாஸ். நாள்: 21 ஜூலை 2025, திங்கட்கிழமை, காலை 10.15. பதிவு செய்தவர்: போலீஸ் சார்ஜன் யுவனேஸ்வரன். மொழி: தமிழ், வாக்குமூலம் கொடுப்பவர் கேட்டுக்கொண்டபடி.

தமிழில் எழுதச் சொன்னதற்குக் காரணம், இந்த வழக்கே ஒரு தமிழ்ச் சொல்லால் வந்தது. போன வாரம் நான் மலாய் மொழியில் கொடுத்த புகாரில் அந்தச் சொல் சரியாக வரவில்லை. தவறு என்னுடையது.

நான் இங்குள்ள எண்ணெய்ப்பனைத் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின். 2021இல் கோவிட் நேரத்தில் தலைமையாசிரியர் கேட்டதால் பொறுப்பேற்றேன். குழுவில் 143 பேர். அப்போது தடுப்பூசி போட்டால் பிள்ளை பிறக்காது, இரண்டு வருடத்தில் செத்துவிடுவார்கள் என்று தினமும் பத்துப் பொய்யாவது வரும். லாரி ஓட்டுநர் மருதமுத்து அதை நம்பி ஊசி வேண்டாம் என்றிருந்து நாற்பத்தொரு வயதில் இறந்தார். அவருக்கு ஊசி போட இரண்டு முறை தேதி வாங்கிக் கொடுத்தது நான். அதன் பிறகு பொய் என்று பட்டதை எல்லாம் அழித்தேன், திரும்ப அனுப்பியவர்களைக் குழுவிலிருந்து நீக்கினேன். தாதியை இங்கே மிஸ்ஸி என்பார்கள்; எனக்குக் கத்தரிக்கோல் மிஸ்ஸி என்று பெயர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும். அப்போது செய்தது சரி என்றுதான் இன்றும் சொல்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்க்கிழமை, முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடச் சுகாதாரக் குழு வருவதாக இருந்தது. முந்தின நாள் மாலை ஆறு மணி வாக்கில் ராமாத்தாளின் குரல் பதிவு ஒன்று குழுவில் வந்தது. ராமாத்தாள் அந்தத் தோட்டத்துத் தொழிலாளி, அவர் மகள் நான்காம் ஆண்டில் படிக்கிறாள். பதிவின் நீளம் ஒரு நிமிடம் நாற்பது விநாடி. நான் கீரை ஆய்ந்துகொண்டே முதல் பன்னிரண்டு விநாடி கேட்டேன். "ராமாத்தா பேசுறேன். நாளைக்கி ஸ்கூல் பக்கம் மருந்து இருக்கு. பிள்ளைங்கள அனுப்பாதீங்க லா, ஒரு நாள் போனா ஒன்னும் ஆயிடாது" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. பழைய ஊசிக் கதைதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அதன் பிறகு பதிவை எல்லோருடைய போனிலிருந்தும் அழித்தேன், ராமாத்தாளை நீக்கினேன். அதன் பிறகு "மருந்தைப் பற்றி வந்த செய்தி பொய். மருந்து முழுக்கப் பாதுகாப்பானது. எல்லோரும் பிள்ளைகளை அனுப்புங்கள்" என்று எழுதி, அட்மின் மட்டும் எழுதலாம் என்று குழுவைப் பூட்டினேன். ராமாத்தாள் நான்கு முறை கூப்பிட்டார், எடுக்கவில்லை. செங் பகுதியில் தொழிற்சாலை வேலை செய்யும் சுகுமாரன், முதலாம் ஆண்டு அகல்யாவின் தகப்பன், போன் செய்து அனுப்பலாமா என்று கேட்டார். "ஒண்டும் இல்லைத் தம்பி, பயப்படாமல் அனுப்புங்கோ" என்றேன். அதன் பிறகு ராமாத்தாள் பொய்ச் செய்தி பரப்புகிறார் என்று இணையம் வழி போலீசில் புகார் செய்தேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குப் பள்ளி வேலியை ஒட்டிய செம்பனைக் காட்டில் களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள். காற்று பள்ளிப் பக்கம் வீசியிருக்கிறது. பிள்ளைகள் திடலில் உடற்பயிற்சியில் இருந்தார்கள். பதினொரு பிள்ளைகள் கண்ணெரிச்சலோடு வாந்தி எடுத்தார்கள். அகல்யாவுக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு; மூச்சு விட முடியாமல் விழுந்தாள். சுகாதாரக் குழு அப்போதுதான் வந்து மேசை போட்டுக்கொண்டிருந்தது, ஓர் ஊசிகூடப் போடவில்லை. ஆனால் ஓடி வந்த பெற்றோர் அந்தத் தாதிகளைத்தான் பிடித்துத் திட்டினார்கள்.

அதன் பிறகு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுகுமாரன் வார்டு வாசலில் நின்றார். ராமாத்தாளின் பதிவை அவர் கேட்காமலேயே, நான் அழிக்கும் முன் மனைவிக்கு அனுப்பியிருக்கிறார். கேட்காமல் அனுப்பாதீர்கள் என்று நான் எத்தனையோ தரம் திட்டிய பழக்கம் அது. அதனால்தான் அந்தப் பதிவு தப்பியது. "நீங்க சொன்னீங்கன்னுதான் பிள்ளைய அனுப்புனேன் மிஸ்ஸி" என்றார். மனைவியின் போனை என் கையில் கொடுத்தார்.

மீதியைக் கேட்டேன். "மண்டோர் சொல்லிட்டாரு, வேலியோரமா அடிக்கணுமாம். போன தடவ அடிச்சப்ப எனக்கே மூணு நாள் சோறு இறங்கல. பச்சப் பிள்ளைங்க என்ன ஆவும்? மிஸ்ஸி, நீங்க கொஞ்சம் ஆபீஸ்ல பேசுங்களேன். நாங்க பேசினா எடுபடாது, நீங்க பேசினா கேப்பாங்க" என்று இருந்தது.

ராமாத்தாள் தோட்டத்தில் மண்டோர் என்ற கங்காணியின் கீழ் மருந்து அடிக்கும் வேலை செய்பவர். தோட்டத்தில் மருந்து என்றால் களைக்கொல்லி. தோட்டத்துக்கு வெளியே எங்கள் வீடுகளில் மருந்து என்றால் குடிப்பது, பூசுவது, ஊசியில் ஏற்றுவது. மலாயில் அதை ராச்சுன், விஷம் என்று நேராகச் சொல்கிறார்கள். முப்பத்து மூன்று வருடம் தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கட்டிய எனக்கு இந்தப் பேச்சு தெரியாது என்று சொல்ல முடியாது. ஊசி நினைப்பில் காது அடைத்திருந்தது.

அதன் பிறகு நடந்தவை: என் புகாரின் பேரில் ராமாத்தாளை விசாரணைக்கு அழைத்து அவருடைய போனை வாங்கி வைத்தார்கள். வேலிப் பக்கம் அன்று மருந்தே அடிக்கவில்லை என்று தோட்ட நிர்வாகம் கடிதம் கொடுத்திருக்கிறது. விசாரணை முடியும் வரை வேலைக்கு வரவேண்டாம் என்று ராமாத்தாளிடம் சொல்லிவிட்டது. அவர் மீது குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்ய இந்த வாரம் கோப்பு மேலே போகிறது. அகல்யா இன்னும் வார்டில் இருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை குழுவைத் திறந்துவிட்டேன். திறந்த உடனே, ஊசி போட்டதால்தான் பிள்ளைகள் விழுந்தார்கள் என்று ஒரு செய்தி வந்தது. அது பொய். அழிக்கப் போனேன், மனம் வரவில்லை. அப்படி இல்லை என்று பதில் எழுதினேன், யாரும் நம்பவில்லை. எட்டுக் குடும்பங்கள் ஊசி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டன. எதை அழிப்பது, எதை விடுவது என்று எனக்கு இனிமேல் தெரியாது. களைத்துவிட்டேன்.

புகாரை மீட்டுக்கொள்கிறீர்களா என்று சார்ஜன் கேட்டார். இல்லை என்றேன். மீட்டுக்கொண்டால் ராமாத்தாள் பொய் சொன்னாள், நான் போனால் போகிறது என்று விட்டேன் என்று ஆகிவிடும். தோட்டத்துக் கடிதமும் அப்படியே நிற்கும். புகார் இருக்கட்டும், பெயரை மாற்றுங்கள். அன்று அந்தக் குழுவில் ராமாத்தாள் அனுப்பியது உண்மை. பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்த பொய்ச் செய்தி ஒன்றுதான், மாலை 6.20க்குக் குழு முழுவதற்கும் போனது. அதை அனுப்பியவள் நான். அதை யாரும் அழிக்கவில்லை.

இதை என் சொந்த விருப்பத்தில் சொன்னேன். சார்ஜன் வாசித்துக் காட்டினார். 'பொய்ச் செய்தி' என்ற இடத்தில் 'தவறான தகவல்' என்று எழுதியிருந்தார். அதை அடித்து நான் சொன்னபடியே எழுதச் சொன்னேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடி இருக்கிறது, உண்மை.

(ஒப்பம்) வி. கஜலட்சுமி