புகைவீட்டில் காய்ந்த கட்டுரை

"எங்கப்பா என் கட்டுரையை ரப்பர் சீட்டோட சேத்துப் புகைபோட்டுட்டாருடி."

புளத்கொகுபிட்டியவிலிருந்து கரவனெல்ல போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த கண்ணாடி போட்ட பிள்ளை தன் கூட்டாளியிடம் இப்படிச் சொன்னதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஏன்டி?"

"கெம்பஸ்ல படிப்பு தொடங்க முன்ன ஒரு புத்தகம் வாசிச்சு எழுதிட்டு வரச் சொன்னாங்கல்ல. எழுதி முடிச்ச அன்னைக்கே கூரை ஒழுகி நனைஞ்சிருச்சு. ரப்பர் பால்ல செஞ்ச சீட்டு காயிற புகைவீட்டுலதான் அப்பாவுக்கு வேலை. அங்க கம்புல இதையும் தொங்கவிட்டுட்டாரு."

"அப்படியேவா குடுத்த?"

"வேற என்ன செய்ய? பழுப்பேறி, ஒரே புகை நாத்தம். பெயிலானா மறுபடி எழுதணும். புள்ள படிப்பக் கெடுத்துட்டேன்னு அப்பா சரியா சாப்பிடக்கூட இல்ல."

"மார்க்கு?"

"இப்பதான் போன்ல வந்துச்சு. பாஸ். 'கட்டுரைக்கு பி கிரேட். வாசனைக்கு மார்க் இல்லை'ன்னு கெம்பஸ் சேர் எழுதியிருக்காரு."

இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். கண்ணாடிப் பிள்ளை போனைக் காதில் வைத்தாள்.

"அப்பா, பாஸாயிட்டேன். ஆமாப்பா, அதேதான். நீங்க மொதல்ல சாப்பிடுங்க."

அவர் சொன்னதைச் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேணாம்ப்பா. அடுத்தத நானே காயவச்சுக்கிறேன்."