தனகோட்டியின் காது மிஷின்

ராத்திரி ஒரு மணி. சேத்தியாத்தோப்பிலிருந்து வடலூர் வரும் ரோடு… முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் வண்டி இல்லை. ஒரே ஒரு பைக். ஓட்டியவர் நம் ஜெயகணேஷ். பின்னால் அவர் அப்பா வெள்ளைச்சாமி.

ஆமாம், இதோ மூலையில் மகளை மடியில் போட்டுத் தூங்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அதே ஜெயகணேஷ்தான். நான் புளுகினால் அவரே சொல்லட்டும். டேய் மதிவாணா, மெழுகுவத்தியை ஊதி விளையாடாதே. மழைக்குக் கரண்ட் போனதும் “பேய்க் கதை சொல்லுண்ணே” என்று நச்சரித்தது நீதான். இப்போது வாயை மூடிக்கொண்டு கேள்.

அப்பாவும் பிள்ளையும் ஒரு சாவுக் காரியத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்க வழக்கப்படி காரியத்துக்கு விடிய விடியக் கூத்து வைத்திருந்தார்கள். ஜெயகணேஷுக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் காலை ஷிப்ட், அதனால் பாதிக் கூத்தில் கிளம்பிவிட்டார்கள். செத்தவர் தனகோட்டி. வெள்ளைச்சாமிக்கு நேவியில் கூட்டாளி. இரண்டு பேருக்கும் சண்டையில்தான் காது போனது. எந்தச் சண்டை, எந்தக் கரை என்று கேட்டால் வெள்ளைச்சாமி, “சண்டைதான்” என்பார். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார்.

ஆனால் வேலையைச் சொல்வார். கடலில் கப்பல். கரையில் நம் ஆட்கள் இறங்குகிறார்கள். அவர்கள் தலைக்கு மேலேயே கப்பல் பீரங்கி சுட வேண்டும். வெள்ளைச்சாமி கரை மணலில் ரேடியோவோடு படுத்துக்கொண்டு, எங்கே விழ வேண்டும் என்று சொல்வார். கப்பல் ரேடியோவில் தனகோட்டி. குண்டு கிளம்பியதும் அவர் “ஷாட்” என்பார். குண்டு வந்து விழ ஐந்து விநாடி இருக்கும்போது “ஸ்பிளாஷ்” என்பார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் வெள்ளைச்சாமி மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொள்வார். அன்று முழுக்க அந்தக் குரல் ஒரு தடவைகூடத் தவறவில்லை. அதனால்தான் உயிரோடு வந்தார்.

கிளம்பும்போது தனகோட்டியின் சம்சாரம் வீரம்மாள், பழைய காது மிஷினைக் கொண்டுவந்து நீட்டினார். சட்டைப்பையில் வைக்கிற பெட்டி, காதுக்கு ஒயர்.

“அவரு மாட்டிகினு இருந்ததுங்க. எங்க வூட்ல யாருக்கும் வோணாம். நீங்க வெச்சிக்கோங்க.”

வெள்ளைச்சாமி அங்கேயே மாட்டிக்கொண்டார்.

சுரங்கத்து மண்மேட்டை ஒட்டி ரோடு போகிற இடம். மேட்டின் மேல் மண் கொட்டும் மிஷின், வரிசையாக லைட் போட்டுக்கொண்டு, இருட்டில் கப்பல் மாதிரி நிற்குமே… அங்கே வரும்போது காதில் கர்ரென்று ஒரு சத்தம். அப்புறம் தெளிவாக…

“ஷாட்.”

தனகோட்டி குரல்.

“எலே, வண்டிய நிறுத்து.”

“என்னப்பா இந்த நேரத்துல… ஒண்ணுக்கு வருதா?”

நிறுத்தினார். தவளைச் சத்தம்கூட இல்லை. கிழவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று காதில் அந்த அடுத்த சொல்… பிள்ளையின் காலரைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் ரோட்டோரப் பள்ளத்தில் போய் விழுந்தார்கள். பிள்ளை மேல் அப்பா கவிழ்ந்து படுத்துக்கொண்டார். ஜெயகணேஷுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திட்ட வாயெடுத்தார்…

படார்!

காற்றே இல்லாத ராத்திரியில் ஒரு புளியமரம் அடியோடு சாய்ந்து கிடந்தது. பைக் அதன் அடியில் அப்பளம். மரம் விழுந்தால் பச்சை வாசனைதானே அடிக்க வேண்டும்? அங்கே அடித்தது வெடிமருந்து நாற்றம்.

ஜெயகணேஷ் அழுதுவிட்டார். அப்பாவின் பையிலிருந்த பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே பேட்டரி இல்லை.

சரி, காப்பாற்றுகிற ஆவிதானே, நல்லதுதானே என்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். கேள்.

கொஞ்ச நாள் கழித்து, குவார்ட்டர்ஸில் எல்லோரும் நல்ல தூக்கம். கிழவர் வந்து எழுப்பினார்.

“ஷாட் சொல்லிட்டாம்லே.”

அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தார்கள். ஜெயகணேஷ், அவர் சம்சாரம் திலகவதி, நடுவில் குழந்தை… ஹாலில் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள். கிழவர் ஒயரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்த சொல் வரவில்லை. விடிந்துவிட்டது. ஒன்றும் விழவில்லை.

“கனாக் கண்டிருப்பீங்கப்பா.”

“சுட்ட குண்டு விழாம வானத்துலேயேவா நிக்கும்?”

அதற்குப் பிறகு அவர் மிஷினைக் கழற்றவே இல்லை. காய்ச்சலில் படுத்தார். மூச்சு இழுக்கிற நேரத்தில் தானே ஒயரை எடுத்து மகன் காதில் வைத்தார்.

“இன்னும் விழல. கேட்டுக்கிட்டே இரு… அசந்துராதே.”

மதிவாணா, ஜெயகணேஷ் காதில் ஒயரைப் பார்த்து “என்ன பாட்டுண்ணே?” என்று தினமும் கிண்டல் பண்ணுவாயே. அது பாட்டு இல்லை. அவர் குளிக்கப் போனால் திலகவதி வாங்கிக் காதில் வைத்துக்கொள்கிறாள். யாராவது ஒருத்தர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

என்ன ஜெயகணேஷ், நான் சொன்னதில் ஏதாவது பொய் இருக்கிறதா?

…ஜெயகணேஷ்?

அவர் என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார். மடியில் தூங்கிய மகளைத் தரையில் கிடத்தி, அவள்மேல் குப்புறக் கவிழ்ந்தார்.