கோவர்த்தனன் கேட்ட ஒரே கேள்வி

மேடையில் அமர்ந்திருக்கும் நகரி நெசவாளர் சங்கப் பெரியவர்களே, முன்வரிசையில் இருக்கும் கோவர்த்தனன் அவர்களின் துணைவியார் சுலோசனா அம்மா அவர்களே, புத்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் வந்திருக்கும் லினக்ஸ் குழு நண்பர்களே, வணக்கம். புத்தூரில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தணிகாசலம் பேசுகிறேன். இந்த அஞ்சலிக் கூட்டத்தில் எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாம் அழுதார்கள். நன்றாகவே அழுதார்கள்!

யார் இந்தக் கோவர்த்தனன்? விசைத்தறிக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டவர். குப்பைக்குப் போகவேண்டிய லேப்டாப்புகளில் விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸை ஏற்றி ஓடவைத்தவர். எந்த மாடலில் வைஃபை வராது, எதில் டச்பேட் மக்கர் பண்ணும், அதற்கு என்ன வைத்தியம் என்று நாம் ஆளுக்கொரு வரி எழுதிச் சேர்த்த நானூறு பக்கத்தைக் கட்டிக்காத்தவர் யார்? கோவர்த்தனன்! குடுபல்லி வாத்தியார் ஒருவரின் லேப்டாப்பைச் சரிசெய்ய மூன்று பஸ் மாறிப் போனவர் யார்? கோவர்த்தனன்!

கேள்வி கேட்டவனைக் கடித்துக் குதறியவர் யார்? அவரும் கோவர்த்தனன்தான். செத்தவரைப் பற்றி நல்லது மட்டும் பேச வேண்டுமாம். என்னால் முடியாது. "மொதல்ல பழைய பதிவ படி" என்ற பதிலை நமக்குப் பழக்கிவிட்டதே அவர்தான். போன வருஷம் நம் ஆன்லைன் குழுவில் நான் ஒரு சந்தேகம் கேட்டேன். "கடை வெச்சிக்கினு கீற, இதுகூடத் தெரியாதா? வெக்கமா இல்ல?" என்று முந்நூறு பேர் முன்னால் கேட்டார். நீங்கள் எல்லோரும் சிரிப்பு ஸ்மைலி போட்டீர்கள். எனக்கு மறக்கவில்லை.

பிறகு அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல் போய்விட்டது. அவர் படித்தது தமிழ் மீடியம், சுலோசனா அம்மா தெலுங்கு மீடியம். கணவர் எழுதுவதை அந்த அம்மாவுக்குப் படிக்க வராது. அதனால் அவர் டைப் அடிப்பார், லேப்டாப் அதை வாய்விட்டுப் படிக்கும், அந்த அம்மா கேட்பார். புருஷன் பெண்டாட்டி பேச்சு அந்த வீட்டில் அப்படித்தான் நடந்தது. போன மாதம் ஒரு அப்டேட்டில் சவுண்டு போயிற்று.

எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் குழுவில் ஒரு கேள்வி கேட்டார். "சவுண்டு வரல. யாருக்காவது தெரியுமா?" நாம் என்ன சொன்னோம்? நாற்பத்தொரு பேர் சொன்னோம், "மொதல்ல பழைய பதிவ படி." அடேயப்பா, என்ன சந்தோஷம் நமக்கு!

பழைய பதிவில் அது இல்லை. எனக்குத் தெரியும். அதே மாடலை முந்தின வாரம்தான் கடையில் சரிசெய்தேன். ஒரே ஒரு வரி கமாண்ட் அடித்தால் போதும். அதை நான் குழுவில் எழுதவில்லை. அந்த லேப்டாப்தான் அவருக்கு வாய் என்பதும் எனக்குத் தெரியும். என்னிடம் வந்து கெஞ்சட்டும் என்று ஒன்பது நாள் சும்மா இருந்தேன். ஒன்பதாம் நாள் சாயங்காலம் மாரடைப்பு.

காரியத்துக்குப் போனபோது சுலோசனா அம்மா லேப்டாப்பை என் கையில் கொடுத்தார். "அன்னிக்குக் காலைல என்னமோ டைப் அடிச்சி என் பக்கம் திருப்பித் திருப்பிக் காட்டினாருப்பா. எனக்கு இது படிக்க வராது, கஞ்சி ஆறுது, துன்னுன்னு சொல்லிட்டேன். இன்னா சொன்னாருன்னு கேக்கணும்" என்றார்.

அந்த ஒரு வரியை இன்று காலை போட்டேன். இரண்டு நிமிஷம் ஆனது. குழுவிலும் எழுதிவிட்டேன். இனி எனக்குத் தெரிந்த எதையும் பூட்டி வைக்கமாட்டேன். யார் கேட்டாலும் சொல்வேன், என்னைத் திட்டினவன் கேட்டாலும் சொல்வேன். இதுதான் அவர் படத்துக்கு முன்னால் நான் கொடுக்கும் வாக்கு. கைதட்டாதீர்கள்.

அம்மா, நீங்கள் கேட்டதை இப்போது போடுகிறேன். மைக்கை லேப்டாப் பக்கத்தில் வைக்கிறேன்.

"சுலோ, புத்தூர் தணிகாசலத்துக்குப் போன் பண்ணு. அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். கூப்ட்டா வந்துருவான்."