தேன்பெட்டித் தராசு

— அண்ணா, அசையாதே! முள்ளு நிக்கட்டும்.

— தேன்பெட்டி நிறுக்குற தராசுல ஏத்திவிட்டு அசையாதேன்னா எப்படிடி?

— ஐயோ, கண்ணைத் திறந்து பாரு! அம்பத்தொண்ணு! போன வாரம் நாப்பத்தொம்பதுதான்!

— கத்தாதே பாப்பா. பெட்டியில இருக்குற தேனீயெல்லாம் கிளம்பி வந்துடப் போகுது.

— வரட்டும், அதுங்களுக்கும் இதுல பங்கு இருக்கு! அம்பதைத் தொட்டாத்தான் அடுத்த ஊசின்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல? தாண்டியாச்சு!

— அவங்க இன்னொண்ணும் சொன்னாங்க. தேனு, மகரந்தமெல்லாம் எலியை வெச்சு இப்பத்தான் சோதிச்சுப் பார்க்குறாங்க, மருந்துன்னு நம்பிடாதீங்கன்னு.

— நான் எங்கே மருந்துன்னேன்? அவங்க கொடுத்த மாத்திரை, அவங்க எழுதின சாப்பாடு, அதோட அவங்க சரின்னு சொன்ன ஒரு ஸ்பூன் தேன். கையைக் காட்டு. இந்தப் பாழாப்போன கேன்சர் எல்லாத்தையும் கரைச்சுட்டு, கிள்ளினா வெறும் தோல்தானே வந்துச்சு? இப்போ பாரு, கொழுப்பு!

— கொழுப்பு உனக்குத்தான். விடுடி, வலிக்குது!

— நாளைக்கு ஆஸ்பத்திரியில முதல் ஆளே நாமதான். நான் போய்ப் பையை அடுக்குறேன்.

— பாப்பா, நில்லு. நாளைக்குப் போக வேண்டாம்.

— என்ன உளர்றே?

— அங்கே இருக்குற தராசு உண்மையைச் சொல்லிடும். நான் உன்னை ஏமாத்திட்டேன்டி. ஒரு மாசமா, நீ பெட்டிங்களைப் பார்க்கப் போனதும், தராசுத் திருகைத் திருகி முள்ளைத் தள்ளி வெச்சுடுவேன். வாரா வாரம் இன்னும் கொஞ்சம் கூட்டி. கணக்குப் பார்த்தா நான் நாப்பத்துமூணுகூட இருக்க மாட்டேன்.

— எதுக்குண்ணா?

— முதல் தடவை நாப்பத்தஞ்சுன்னு பார்த்துட்டு, நீ கொட்டகைக்குப் பின்னால போய் அழுதியே. எனக்குத் தாங்கலை. ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைச்சுக் கொடுத்தவன், என் அளவை மட்டும் பொய்யாக் காட்டிட்டேன். என் இடுப்புல டேப் வெச்சுப் பார்க்கக்கூட பயம். திட்டு, நல்லாத் திட்டு.

— சொல்லி முடிச்சிட்டியா?

— ம்.

— பத்து வருஷமா தேன்பெட்டி நிறுக்குறவ, ஏத்துறதுக்கு முன்னாடி முள்ளு எங்கே நிக்குதுன்னு பார்க்க மாட்டாளா?

— உனக்குத் தெரியுமா?

— முதல் வாரமே தெரியும். தராசுல ஏறுறதுக்கு முன்னாடியே நீ பயந்து கண்ணை மூடிக்குவே. நான் தட்டைத் துடைக்கிற சாக்குல குனிவேன்.

— குனிஞ்சு?

— முள்ளை மறுபடி பூஜ்யத்துல கொண்டுவந்து வெச்சுடுவேன். இன்னைக்கும்தான்.