மேலக் கம்மாய்க் குஞ்சுகள்

"இந்த வருசம் மழை பெய்யாம இருந்தாத் தேவலை."

சின்னமனூர் போகும், கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சம்சாரி சொன்னார். பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"நெல்லு நட்டுட்டுப் பேசுற பேச்சாய்யா இது?"

"மீன் ஆபீசர் வந்து மேலக் கம்மாத் தண்ணியச் சோதிச்சாக. அதுலதான் வளரும்னு புதுசா மீன்குஞ்சு விட்டுருக்காக. நம்ம கம்மாய எட்டிக்கூடப் பாக்கல."

"மழை பெஞ்சா மேலக் கம்மா நெறஞ்சு மறுகால் பாயும். மீனெல்லாம் நம்ம கம்மாய்க்குத்தான வரும்?"

"வரும்."

"பெறகென்ன?"

"நம்ம கம்மா மீன்குத்தகைய என் பங்காளியில்ல எடுத்திருக்கான்."

"அப்ப ஒன் நெல்லு?"

"கருகுனாக் கருகட்டும்."

மேற்கு மலையில் மேகம் கட்டியிருந்தது. சம்சாரி எழுந்து அந்தப் பக்கத்து ஜன்னல் படுதாவை இறக்கிவிட்டார்.