எப்போது ஊசி போடக் கூடாது

மேடையில் வீற்றிருக்கும் நிர்வாக இயக்குநர் அவர்களே, தலைமை மருத்துவர் அவர்களே! ‘வீற்றிருக்கும்’ என்று மரியாதைக்குச் சொன்னேன். அதற்கு மேல் மரியாதையை இன்று என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். எதிரே துயரத்தோடு அமர்ந்திருக்கும் செவிலியர்களே, பேருந்து ஓட்டிக் களைத்த கையோடு வந்து முதல் வரிசையில் இருக்கும் டீச்சரின் கணவரே, நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுகிறவரே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் அஞ்சலி உரை பேசியவர், மறைந்த நம் செவிலியர் பயிற்றுநர் இனிமையானவர், அதிர்ந்து பேசாதவர் என்றார். யாரைப் பற்றிப் பேசினார்? நம் டீச்சர் அதிர்ந்துதான் பேசுவார்! அவர் குரல் கேட்டால் மருந்து வண்டி தானாக ஓரம் போகும்!

உரிமத் தேர்வுக்கு அவரிடம் படித்தவர்கள் இங்கே எத்தனை பேர்! கேள்வியை வாசித்துவிட்டு என்ன சொல்வார்? “நாலு விடையும் சரியாத்தான் தெரியும்டி. முதல்ல எதைச் செய்வே? அதைச் சொல்லு.” ஒருத்தி எழுந்து, “டாக்டரைக் கூப்பிடுவேன் டீச்சர்” என்றாள். “கூப்பிட்டு? ‘ஆளு ஒரு மாதிரி இருக்காரு, வாங்க’ன்னு சொல்லுவியா? மூச்சு எப்படி இருக்கு, நாடி எப்படி இருக்கு, கூப்பிட்டா கண்ணைத் தொறக்குறாரா? பாத்துட்டுக் கூப்பிடு!” சிரித்தோம். ஆனால் தேர்வு எழுதி உரிமம் வாங்கி வார்டுக்குள் நுழைந்த பிறகு, ஒருவராவது அதை மறந்தோமா?

அப்படிப்பட்டவரை இந்த மருத்துவமனை என்ன செய்தது? உரிமம் பெற்ற செவிலியர்கள் சம்பளம் போதாமல் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அந்த இடங்களுக்கு, வரவேற்பு மேசையில் இருந்த பெண்களுக்கு வெள்ளைச் சீருடை மாட்டி அனுப்பினார்கள். டீச்சர் நேராக இயக்குநர் அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

“ஊசி போடத் தெரிஞ்சா போதாதா டீச்சர்?” என்று கேட்டீர்கள், இயக்குநர் அவர்களே.

“ஊசி போடக் கத்துக்குடுக்க ஒரு காலைப்பொழுது போதும் சார். எப்பப் போடக் கூடாதுன்னு கத்துக்குடுக்கத்தான் வருஷக்கணக்கா ஆகுது.”

அடுத்த வாரமே அவருடைய வகுப்பறை பில் போடும் கூடமானது. டீச்சர் படுக்கை விரிப்புகள் அடுக்கும் அறைக்கு மாற்றப்பட்டார். தலைமுறை தலைமுறையாகச் செவிலியர்களை உருவாக்கிய கை, தலையணை உறை மடித்தது! மேல் தட்டில் விரிப்பு எடுக்க ஏறியபோதுதான் ஏணி சறுக்கித் தொடை எலும்பு முறிந்தது.

அறுவைச் சிகிச்சை நன்றாகவே நடந்தது. அறுவை மருத்துவருக்கு நன்றி. நியாயம் பேசத்தான் வந்திருக்கிறேன். வலிக்கு மார்ஃபின் எழுதியிருந்தார், வலி இருந்தால் மட்டும் கொடுக்கச் சொல்லி. அன்று பிற்பகல் அந்த வார்டில் உரிமம் பெற்ற செவிலியர் யாருமே இல்லை. வரவேற்பு மேசையிலிருந்து வந்த பெண் ஒருவர் மட்டும்.

டீச்சர் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அண்ணன் இருந்தார். “வலி இல்லாம நிம்மதியாத் தூங்குறாளேன்னு எனக்குச் சந்தோஷமா இருந்துச்சும்மா. விசிறிக்கிட்டு உக்காந்திருந்தேன்” என்று என்னிடம் சொன்னார். அண்ணே, அது உறக்கமில்லை. முன்பே போட்ட மார்ஃபின் மூச்சை அமுக்கிக்கொண்டிருந்தது. அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்த ஒருவரை அங்கே நிறுத்துவது யாருடைய கடமை?

அந்த நிலையில்தான் அடுத்த ஊசியும் போடப்பட்டது. தேர்வில் தேறிய ஒரு செவிலியர் என்ன செய்திருப்பார்? தட்டி எழுப்பிப் பார்த்திருப்பார். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணியிருப்பார். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, மூச்சுப் பாதையைச் சரிசெய்து, ஆக்சிஜன் வைத்து, மார்ஃபினை முறிக்கும் மாற்று மருந்துக்குக் குரல் கொடுத்திருப்பார். மேல்மாடி வார்டில் பணியில் இருந்த நான் ஓடி வந்தபோது டீச்சரின் உதடு நீலம் பாரித்திருந்தது. மாற்று மருந்து கைக்கெட்டும் அலமாரியில்தான் இருந்தது. போட்டோம், நெஞ்சை அழுத்தினோம். பலனில்லை.

என்ன ஐயா, கூட்டம் நடத்துகிற நீங்களே துண்டுச்சீட்டு நீட்டுகிறீர்கள்?

“அம்மா, நேரமாயிடுச்சு... கொஞ்சம் சுருக்கமா...”

டீச்சரைப் பற்றிப் பேச எனக்கு நேரம் இருக்கிறது. நீங்கள் உட்காருங்கள்!

அண்ணனிடம் இவர்கள் சொன்னது என்ன தெரியுமா? “வயசாயிடுச்சு, இதயம் நின்னுடுச்சு.” வெளியில் யாராவது கேட்டால் அந்தப் பெண்ணின் கவனக்குறைவு என்கிறார்கள். ஒரே சாவுக்கு இரண்டு காரணம்! அந்தப் பெண்ணை வேலையை விட்டும் அனுப்பியாயிற்று. அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“அக்கா, தூங்குறவங்களுக்கு வலி ஊசி எதுக்குன்னு கேக்கத் தோணல எனக்கு. நேரத்துக்குப் போடுன்னாங்க, போட்டேன். நான் கொன்னுட்டேனாக்கா?”

நான் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. பொய் சொல்ல வரவில்லை. “ஊசி போட்டது நீ. உன்னை அங்க நிறுத்தினது அவங்க. ரெண்டையும் செவிலியர் கவுன்சில்ல வந்து சொல்லுவியா?” என்று கேட்டேன். வெகுநேரம் அழுதார். பிறகு, “சொல்றேன்க்கா” என்றார்.

மேடையில் இருப்பவர்களே, உங்கள் மலர்வளையம் பெரியதுதான். ஆனால் எங்கள் டீச்சர் படத்தருகே அதை வைக்க அண்ணன் சம்மதிக்கவில்லை. வாசலில் இருக்கிறது, போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மௌன அஞ்சலியாம். இயக்குநர் தலைமை தாங்குவாராம்! கேள்வி கேட்ட டீச்சரின் வாயை மூட விரிப்பு அறைக்கு அனுப்பியவரோடு சேர்ந்து நான் மௌனம் காக்க மாட்டேன். டீச்சரிடம் படித்த கூட்டம் வாய் திறந்துதான் அஞ்சலி செலுத்தும்!

நாளை முதல் உரிமம் இல்லாத எவர் கையிலும் மருந்து அலமாரிச் சாவியை நாம் கொடுக்கப் போவதில்லை. வேலை போனாலும் கொடுக்கப் போவதில்லை. பில் கூடத்தில் இடமில்லையென்றால் மரத்தடியில் வகுப்பு நடத்துவோம். நாளைக் காலை அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு செவிலியர் கவுன்சிலுக்குப் போகிறேன். அண்ணனும் வருகிறார்.

கூட வருகிறவர்கள் கையை உயர்த்துங்கள்.

நன்றாக உயர்த்துங்கள், தங்கைகளே. இறக்காதீர்கள். மேடையில் இருப்பவர்கள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.